மைக்கம்மா வீட்டு அடைத்த ஜன்னல்

அந்த ஊரில் மைக்கம்மாவின் முகத்தை அறியாதவர்கள் உண்டு. குரலை அறியாதவர்கள் கிடையாது. ராக்கெட் கிளம்புவதற்கு முந்தின நாள், கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருத்தெருவாக ஊர்ந்து வரும். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கை உதட்டோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசுவாள்.

"அன்பான பொதுமக்களே! நாளைக் காலை ஏவுதல் நடைபெறும். பாலத்துச் சாலை மூடப்படும். படகுகள் கடலுக்குப் போக வேண்டாம். ஜன்னல் கதவுகளை இறுக்கமாக மூடி வைக்கவும்!"

அந்த ‘வைக்கவும்’ என்ற இடத்தில் ஒரு இழு இழுப்பாள் பாருங்கள், அதற்கே பாதி ஜன்னல்கள் பயந்து தாமாகச் சாத்திக்கொள்ளும் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டே அவளோடு சேர்ந்து கத்தும். அவளுக்கு அதில் கோபமே வராது. கூடக் கத்துகிற பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கத்தும், வேலை மிச்சம் என்பாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கூத்து. அவளுடைய பெரியம்மாவின் மூத்த மருமகன் ஏவுதளத்தில் ஜீப் ஓட்டினார். முன்பு மைக் பிடித்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதிகாரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "சார், எங்க கொழுந்தியா ஒருத்தி இருக்கா. அவளுக்கு மைக்கே வேண்டாம்" என்று இவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஜீப்பில் ஏறினவள்தான். இவளோடு பிறந்த ஐந்து பேரும் வீட்டில் இவளை ‘வாயை மூடு’ என்று அடக்கி வளர்த்தவர்கள். இப்போது அதே வாய்க்குச் சம்பளம் வருகிறதே என்று அவர்களுக்குத் தாங்கவில்லை.

ஊர் இருக்கிற இருப்பைச் சொன்னால்தான் அப்புறம் நடந்தது விளங்கும். ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி, முழங்கால் ஆழத் தண்ணீர், எட்டின மட்டும் பறவைகள். கழிக்கு அந்தப் பக்கம் கத்தியைப் படுக்க வைத்தது போல நீளமாக ஒரு மணல்திட்டு. அதன் மேல்தான் ஏவுதளம், அங்கே போகக் கழிக்குக் குறுக்கே ஒரு பாலத்துச் சாலை. அதைத் தாண்டினால் கடல், கடலைத் தாண்டினால் மறுபடியும் கடல். கிழக்கே பார்த்து எறிகிற எதுவும் யார் தலையிலும் விழாது. எரிந்து தீர்ந்த அடிப்பாகம் தண்ணீரில் போய் விழும். அதோடு பூமி கிழக்கு நோக்கித்தானே சுற்றுகிறது, அந்தப் பக்கம் எறிந்தால் ஓசியில் ஒரு தள்ளும் கிடைக்கிறது. பூமியின் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களுக்கு அந்தத் தள்ளு இன்னும் ஜாஸ்தி. இதெல்லாம் அவள் மகன் சொன்னது. அவன் ஏவுதளத்துத் தீயணைப்புப் படையில் இருக்கிறான். மைக்கம்மா அதைத் தன் பாணியில் அக்கம்பக்கத்துக்கு விளக்குவாள்: "ஓடுற பஸ்ஸில இருந்து முன்னால பார்த்து ஒரு கல்லை விட்டா எப்படிப் பறக்கும்? அதுதான். பூமிதான் பஸ்ஸு."

காற்றைப் பற்றி மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். காலையில் காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும். அவள் குரலைக் கழியில் இறால் பிடிக்கிறவர்கள் கேட்பார்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும். அப்போது எவ்வளவு கத்தினாலும் குரல் அவள் மூஞ்சியிலேயே வந்து அடிக்கும்.

அவள் வீடு ஊரின் கடைசித் தெருவில் கழியைப் பார்த்தபடி இருந்தது. வாசலை ஒட்டிப் புருஷனின் பஞ்சர் கடை. ஊருக்கே அவர் பஞ்சர் மாமா. மனைவி பேசுகிற பேச்சில் தனக்கு ஒதுக்கின பங்கையும் அவளிடமே கொடுத்துவிட்டவர்.

அந்த வீட்டின் பெரிய அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல். நேராக ஏவுதளத்தைப் பார்த்த ஜன்னல். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ராக்கெட் போன அதிர்ச்சியில் அதன் கண்ணாடி உடைந்து, குழந்தையின் தலைமாட்டில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்ப்பாள். போதாததற்கு ஊர் வேறு சிரித்தது: ‘ஊருக்கெல்லாம் மூடச் சொன்னவ, தன் வீட்டில தாழ்ப்பாள் போட மறந்துட்டா.’ மறுநாளே சாக்கை மடித்து வைத்து, பலகையை வைத்து, ஆணி அடித்து அந்த ஜன்னலை ஒரேயடியாக அடைத்துவிட்டாள். அது ஜன்னல் என்பதையே வீட்டில் மறந்துபோனார்கள். பலகை மேல் ஒரு நாள்காட்டி தொங்கியது.

மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தப் பெரிய அறையைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். மருமகள் உள்நாட்டு ஊர்க்காரி. கடலையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தவள். வந்த மூன்றாம் நாளே மாமியாரோடு ஜீப்பில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வந்து, "அத்தை, ‘மூடி வைக்கவும்’ நான் ஒரு தடவை சொல்லட்டுமா?" என்று கேட்ட பெண். மைக்கம்மாவுக்குப் பெண் குழந்தை இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

அந்தப் பெண் உண்டானாள். வீடே தரையில் கால் பாவாமல் நடந்தது. அப்புறம்தான் இருமல் பிடித்தது. விடிகாலையில் தொடங்கினால் இழுத்து இழுத்து, நெஞ்சுக்குள் பூனை கத்துவது போலச் சத்தம். "புகையும் தூசியும் ஆகாது, வயித்துப் பிள்ளைக்கும் மூச்சு வேணும்" என்றார் டாக்டர். அம்மா வீட்டுக்குப் போனால் இருமல் நின்றுவிடும். திரும்பி வந்தால் தொடங்கிவிடும். அங்கே ராக்கெட் இல்லை, இங்கே இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டாள் சம்பந்தியம்மா. அவள் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவள். அவள் தொண்டையும் லேசுப்பட்டதல்ல.

"ராக்கெட்டுப் புகையில என் பொண்ணைப் பொசுக்குறாங்க. மாப்பிள்ளையும் வேலையை விட்டுட்டு இங்க வரட்டும். எங்க வீட்டுக்காரரோட ஏ.சி. மாட்டுற வேலைக்குப் போகட்டும்" என்று போனிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பார்த்ததும் மைக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அவன் போய்விடுவான். பெண்டாட்டி மூச்சுத் திணறும்போது எந்த ஆம்பளை ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுவான்? போவதுதான் நியாயம். ஆனால் மகனும் மருமகளும் பிறக்கப்போகிற பிள்ளையும் ஒரே மூச்சில் வீட்டை விட்டுப் போய்விட்டால், இவளும் பஞ்சர் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சம்பந்திகள் வந்து இறங்கினது ஏவுதலுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஏ.சி. சம்பந்தி பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார்.

"இது காத்தை அளக்கிற பெட்டி. ஏ.சி. மாட்டப் போற வீட்டுல வெச்சுப் பாப்பேன். மேல வர்ற எண்ணு கண்ணுக்குத் தெரியாத தூசி, புகை. கீழ வர்ற எண்ணு நாம விட்ட மூச்சு வெளியே போகாம எவ்வளவு தேங்கிக் கிடக்குதுன்னு சொல்லும். பச்சை எரிஞ்சா நல்லது. மஞ்சள்னா சுமார். சிவப்பு…"

"சிவப்புன்னா பொண்ணு எங்களோட கிளம்பும்" என்று வாக்கியத்தை முடித்து வைத்தாள் அவர் மனைவி. "நாளைக்கு ராக்கெட் போகட்டும். பெட்டி என்ன சொல்லுதோ அதுதான் பேச்சு. சம்மதமா சம்பந்தி?"

மைக்கம்மாவுக்கு ரோஷம் தலைக்கேறியது. "சம்மதம்! பச்சையாவே இருந்தா?"

"இருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அது ஒண்ணு நடந்தா ராக்கெட்டை விடப் பெரிய அதிசயம்" என்றார் ஏ.சி. சம்பந்தி மெதுவாக.

இப்போதே பெட்டியைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று அவர் கேட்டதற்கு, "ராக்கெட்டுக்கு வந்த பெட்டி ராக்கெட்டுக்குத்தான். சார்ஜை வீணாக்காதீங்க" என்று பிடுங்கி மறுபடி பைக்குள் போட்டுவிட்டாள் மனைவி.

மறுநாள் விடிந்ததும் மைக்கம்மா கடைசிச் சுற்று போனாள். வாய் நாலு வரியைச் சொன்னது, மனசு பெட்டியிலேயே கிடந்தது. பாலத்துச் சாலை மூடப்பட்டதும் ஜீப்பை விட்டு இறங்கி, செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக வீட்டுக்கு ஓடினாள். எப்போதும் அவள் ராக்கெட் போவதைப் பாலத்துத் தடுப்பு ஓரத்தில் நின்றுதான் பார்ப்பாள். அன்று அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

மகன் ஏவுதளத்தில் வேலையில் இருந்தான், மற்ற ஐந்து பேரும் பெரிய அறையில் கூடிவிட்டார்கள். கட்டிலில் மருமகள். அவள் கால்மாட்டில் அம்மா. மேஜை மேல் பெட்டி, அதன் முன்னால் ஸ்டூலில் ஏ.சி. சம்பந்தி. கதவும் சாத்தியிருந்தது, வாசல் வழியாகப் புகை வந்துவிட்டால் அந்தப் பழியும் நமக்கா என்று மைக்கம்மா துண்டைச் சுருட்டிக் கதவடியில் வேறு வைத்தாள். கழியிலிருந்து வந்த கொசு சம்பந்தியைக் கடிக்கக் கூடாதே என்று பஞ்சர் மாமா எதையோ பற்ற வைத்து இங்கும் அங்குமாக வைத்துவிட்டு மூலையில் நின்றுகொண்டார். முன்னறையில் டி.வி. கத்திக்கொண்டிருந்தது. அதில் எண்கள் பின்னோக்கி ஓடின. இங்கே பெட்டியில் எண்கள் முன்னோக்கி ஓடின.

முதலில் பச்சை. மைக்கம்மா பெருமையோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள். மருமகள் தொண்டையைச் செருமினாள். மேல் எண் ஏறியது, கீழ் எண்ணும் ஏறியது. பொசுக்கென்று விளக்கு சிவந்தது.

சம்பந்தியம்மா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா! பாத்தீங்களா! சிவப்பு! நான் சொன்னேனா இல்லையா? அடியே, துணியை எடுத்து வை! ராக்கெட்டுப் புகை வந்துடுச்சு!"

மைக்கம்மாவுக்கு ஒரு நிமிஷம் உலகமே நின்றுபோனது. அப்புறம் காதைக் கூர்மையாக்கி முன்னறைப் பக்கம் கேட்டாள். டி.வி.யில் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே ஆடியது. "ராக்கெட் இன்னும் கிளம்பவே இல்லை!"

சம்பந்தியம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏ.சி. சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே மருமகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இந்த முறை நிற்கவில்லை. முகம் சிவந்து, கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. அவர் சிரிப்பு அப்படியே அணைந்தது.

"இது வெளியில இருந்து வரலை. உள்ளேயே இருக்கு. மூச்சு விட வழியில்லாம ரூமைப் பாட்டில் மாதிரி மூடி வெச்சிருக்கீங்க. எங்க ஜன்னல்? ஜன்னலைத் திறங்க!"

பஞ்சர் மாமா நாள்காட்டியைத் தூக்கினார். பின்னால் பலகை.

"இதைத் திறக்கக் கூடாது" என்றாள் மைக்கம்மா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ராக்கெட் போற நேரம். கண்ணாடி… பிள்ளை தலைமாட்டில… நான் ஊருக்கே மூடச் சொன்னவ…"

"அத்தை" என்றாள் மருமகள். அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை.

அவ்வளவுதான். "என்னங்க நிக்கிறீங்க? டயர் கழட்டுற இரும்பை எடுங்க!" என்று மைக்கம்மா கத்தினாள். பஞ்சர் மாமா தன் வாழ்நாளில் அப்படி ஓடினதில்லை. இரண்டு இரும்பு வந்தது. ஒன்றை அவர் பலகையின் மேல் விளிம்பில் கொடுத்தார், மற்றதை அவள் கீழே கொடுத்தாள். துருப்பிடித்த ஆணி கிறீச்சென்று அலறியது. "ஒரு பக்கமா நெம்புங்க! இங்க, இங்க!" என்று சம்பந்தியம்மாவும் புகுந்து பலகையைப் பிடித்து இழுத்தாள். பாதி பெயர்ந்த பலகை, சாக்கு, ஒரு பழைய குருவிக்கூடு எல்லாம் மூன்று பேர் மேலும் கொட்டின.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. சூரியன்தான் என்று நினைத்தார்கள். சூரியன் இல்லை.

கழிக்கு அப்பால், மணல்திட்டின் மேல், சத்தமே இல்லாமல் ஒரு நெருப்பு எழுந்து நின்றது. அதன் தலையில் வெள்ளையாக ஒரு பென்சில். தண்ணீர் முழுக்க அதே நெருப்பு தலைகீழாகத் தெரிந்தது. "ஐயோ, ஐயோ" என்று மைக்கம்மா சொன்னாள், சந்தோஷத்தில். கழியிலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே வீச்சில் எழும்பின. அப்புறம்தான் சத்தம் வந்தது. முதலில் தரையில், பிறகு உள்ளங்காலில், பிறகு நெஞ்செலும்பில். மேஜை ஆடியது, முன்னறையில் பாத்திரம் உருண்டது. கண்ணாடி இல்லாத ஜன்னலில் உடைவதற்கு ஒன்றுமே இல்லை. மைக்கம்மா ஓடிப் போய் மருமகளின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அவள் கையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, விடுங்க, எனக்குத் தெரியலை!"

ராக்கெட் கடல் பக்கமாகச் சாய்ந்து, சின்னதாகி, ஒரு பொட்டாகி மறைந்தது. அது விட்டுப் போன புகை வெள்ளைத் தூண் போல நின்றது. காலைக் காற்று அதை மெல்ல வளைத்துக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"பெட்டி!" என்றார் ஏ.சி. சம்பந்தி. ஐந்து தலையும் திரும்பின. மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ் எண் மளமளவென்று இறங்கியது. மேல் எண் மட்டும் பிடிவாதமாக இறங்க மறுத்தது. அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மோப்பம் பிடிப்பது போல அறையைச் சுற்றினார். கதவோரம், பீரோ பக்கம், கட்டில் பக்கம். கட்டிலுக்கு அடியில் நீட்டியதும் பெட்டி மறுபடி சிவந்தது. குனிந்து பார்த்தார். ஒரு தட்டில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. முன்னால் எரிந்து தீர்ந்த சாம்பல் தட்டு நிறைய.

"இது யார் வேலை?"

பஞ்சர் மாமா இரும்பைக் கீழே வைத்தார். "புள்ளத்தாச்சிப் பொண்ணு. கழிக் கொசு. கடிச்சா ஜுரம் வந்துடுமேன்னு… தினம் சாயங்காலம் நான்தான் வைப்பேன். அவ உண்டான நாள்ல இருந்து." அவர் தட்டையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நானா? நானா அவளை இப்படிப் பண்ணேன்?"

மருமகள் கட்டிலை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, என்னை ஒரு கொசு கடிச்சதில்லை. அதையும் சொல்லணும்ல?"

சம்பந்தியம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசல் மண்ணில் கவிழ்த்து மிதித்தாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்ததோ என்னமோ, கணவரைத்தான் கேட்டாள். "அப்போ ராக்கெட்டுப் புகை ஒண்ணும் செய்யாதுன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னைக்குக் காத்து கடல் பக்கம். காத்து இந்தப் பக்கம் திரும்புற நாளும் வரும். அன்னைக்கும் பெட்டியைப் பாக்கணும். ஏறினா மூடணும், இறங்கினா திறக்கணும். ஒரேயடியா மூடி வெச்சதும் அதுக்குள்ள புகை போட்டதும்தான் தப்பு."

"சரி, அப்ப முடிவு? பொண்ணு வருதா, இருக்குதா?"

"என்னை யாருமே கேக்கலையே" என்றாள் மருமகள். "நேத்து சாயங்காலத்தில இருந்து நீங்க ரெண்டு பேரும் என்னை வெச்சுப் பந்தயம் கட்டுறீங்க. நான் இங்கதான் இருப்பேன். ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கணும். கொசுவர்த்தி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. பெட்டி என்கிட்ட இருக்கும். அதுக்கு அப்புறமும் இருமல் நிக்கலைன்னா, நானே கிளம்பி வர்றேன், அம்மா."

அப்போது மகனிடமிருந்து போன். "அம்மா! போயிடுச்சும்மா! அருமையாப் போயிடுச்சு! பெட்டி என்ன சொல்லுது?" இங்கே நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவனுக்கு ‘கொசு’, ‘குருவிக்கூடு’ என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் விளங்கியது. மருமகள் போனை வாங்கி, "நான் எங்கேயும் போகலை. வரும்போது வலை வாங்கிட்டு வாங்க" என்றாள். அந்தப் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் விசிலடித்தான் என்று பின்னால் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

சாலை திறந்ததும் ஜீப் வந்தது. ஏவுதல் முடிந்தால், ‘சாலை திறக்கப்பட்டது, படகுகள் போகலாம்’ என்று ஒரு சுற்றுச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். மைக்கம்மா தலையில் சாக்குத் தூசியோடு ஏறி உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அப்புறம் மூச்சை இழுத்து, இதுவரை யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள்.

"ராக்கெட் போயாச்சு! மூடின ஜன்னலை எல்லாம் திறந்து விடவும்! காத்து நல்ல காத்து, கடல் பக்கம் போகுது! திறந்து விடவும்!"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "அம்மா, இது பேப்பர்ல இல்லையே."

"இத்தனை வருஷமா மூடு மூடுன்னு சொன்னேனே, திற-ன்னு ஒரு தடவையாவது சொன்னேனா? நீ ஓட்டுப்பா."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எங்கேயோ ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உனக்கு ஏதும் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "ஆமா, ஆயிடுச்சு!" என்று ஒலிபெருக்கியிலேயே பதில் போனது.

அவள் வீடு திரும்பியபோது மருமகள் அந்த ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுப்பு குறைந்திருந்தது. அது முழுதாக நிற்க இன்னும் நாள் பிடித்தது, டாக்டரிடமும் இரண்டு நடை போக வேண்டியிருந்தது. ஆனால் அன்று மத்தியானம் அந்தப் பெண் இருமாமல் தூங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"பத்து நாள் நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்றாள் காற்றுக் குரலில். "பெட்டியை நானே பாக்கணும்."

"தாராளமா இருங்க. பெட்டியை ரெண்டு பேரும் பாப்போம்" என்றாள் மைக்கம்மா, அதே காற்றுக் குரலில்.

"மெதுவாப் பேசுங்க சம்பந்தி, பொண்ணு எழுந்துக்கும்."

"நீங்கதான் கத்துறீங்க."

"நானா?"

"பின்னே நானா?"

பஞ்சர் மாமா டயரை உருட்டுவதை நிறுத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கடைக்குள் போய்ச் சிரித்தார்.